வெள்ளமும் விளக்கும்

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் திருநெல்வேலிச் சீமையில் பெய்த மழையை நமது வாசகர்களுக்கு வர்ணித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அதில் நஷ்டப்படாதவர் நம்மில் வெகு சிலரே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று; திருச்செந்தூரில் 69; ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்தக் கரையோரத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யக்கூடிய மழைக்கு மேலாகவே ஒரு பகலிலும் ஓர் இரவிலும் கொட்டித் தீர்த்து விட்டது. பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் அன்று கரை கடக்கவில்லை. குமரிக் கடலின் மேல் நின்ற காற்றுச் சுழற்சியே இவ்வளவுக்கும் போதுமாயிருந்தது. பொருநையும் சிற்றாறும் கரை புரண்டன. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. கொக்கிரகுளத்தில் கலெக்டர் கச்சேரியைத் தண்ணீர் சூழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில், பாதையில் ஜல்லி அரித்துச் செல்லப்பட்டதனால், ஏறக்குறைய 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்று விட்டது. அவர்களில் பலர் இரண்டு நாள் அங்கேயே கிடக்க நேர்ந்தது. பக்கத்துக் கிராமத்தார் தங்கள் வீடுகளே தத்தளிக்கும் நிலையிலும் அவர்களுக்குச் சோறு சமைத்துப் போட்டதை இந்தச் சீமை மறக்காது. நான்கு தென் ஜில்லாக்களிலுமாக 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இவையெல்லாம் அப்போதே பத்திரிகைகளில் வந்தன. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் பேசப்பட்டன. மழை எவ்வளவு, முன்னறிவிப்பு சரியாக வந்ததா, அணைகளைத் திறந்தது காலத்திலா அகாலத்திலா என்ற விவாதங்கள் வேண்டிய மட்டும் நடந்து முடிந்தன. ஆனால் மழை நின்றதற்கும் ஜனங்கள் மறுபடி தங்கள் தொழிலில் கை வைத்ததற்கும் நடுவே கழிந்த நாட்களைப் பற்றி எவரும் அவ்வளவாகப் பேசவில்லை. அந்த நாட்களைக் கழிக்க வைத்தது தண்ணீர் மட்டுமல்ல; மின்சாரம் இல்லாமையும்தான். இதைக் குறித்தே இன்று சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

மின்சாரம் என்றால் விளக்கு என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. 1885-ல் ஹார்வி கம்பெனியார் பாபநாசத்தில் நூற்பாலை வைத்தபோது, தாமிரபரணியின் வீழ்ச்சி வேகத்தையே இயந்திரம் ஓட்டப் பயன்படுத்தினார்கள். 1944-ல் அதே பாபநாசத்தில் நீர் மின்சார நிலையம் வேலை செய்யத் தொடங்கிற்று. பைக்காராவுக்கும் மேட்டூருக்கும் அடுத்தபடியாகத் தென்பாண்டி நாட்டுக்கென்று ஏற்பட்ட மின்நிலையம் அது. அந்தக் காலத்தில் மின்சாரம் நின்றால் ஆலை நிற்கும். பட்டணத்துத் தெருக்களில் இருட்டு கவியும். கிராமத்தானுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அவனுக்குக் கிணறு இருந்தது. அதில் ராட்டினமும் கயிறும் இருந்தன. வீட்டில் ஆட்டுக்கல்லும் அகல் விளக்கும் இருந்தன. வெள்ளம் வந்து போனால், சேறு வாரிக் கொட்டி விட்டு மறுநாள் காலையிலேயே அவன் தன் வாழ்க்கையைத் தொடங்கி விடலாம்.

இன்று நிலைமை அப்படியா? தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பெரும்பாலான ஊர்கள் குடிக்கும் தண்ணீர், ஆற்றுப் படுகையில் தோண்டிய உறை கிணறுகளிலிருந்து மின்சார மோட்டாரால் இறைக்கப்பட்டு, குழாய் வழியாக மைல் கணக்கில் சென்று, மேல்நிலைத் தொட்டியில் ஏறி, பிறகுதான் தெருக் குழாயில் வருகிறது. தூத்துக்குடி நகரமே வல்லநாட்டுப் பக்கத்து ஆற்றுத் தண்ணீரை நம்பி நிற்கிறது. 2023 டிசம்பரில் ஆற்றுப் படுகையிலிருந்த இறைப்பு நிலையங்களுக்குள் வெள்ளம் புகுந்தது, மின்சாரமும் இல்லை. ஆகவே, தெருவெல்லாம் தண்ணீர் நிற்க, குடிப்பதற்கு ஒரு குடம் தண்ணீருக்கு ஜனங்கள் லாரிக்காகக் காத்திருக்கும் விபரீதத்தைத் தூத்துக்குடியில் கண்டோம். கைவிடப்பட்ட பழைய கிணறுகளில் பல தூர்ந்து போயின. தூராதவற்றில் சாக்கடை கலந்து விட்டது. பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

தண்ணீருக்கு அடுத்தபடி செய்தி. டெலிபோன் கோபுரங்களில் உள்ள பாட்டரி சில மணி நேரம் தாங்கும். டீசல் எஞ்சின் இருந்தால் டீசல் உள்ள வரை தாங்கும். பாலமும் சாலையும் அறுந்த பிறகு டீசல் எப்படிப் போய்ச் சேரும்? ஆகவே கோபுரங்கள் மௌனமாயின. கையில் இருந்த டெலிபோன்களும் பாட்டரி இறங்கி வெறும் கண்ணாடித் துண்டுகளாயின. ஏரலில் சிக்கிய தாயார் உயிரோடு இருக்கிறாளா என்று அறியாமல் சென்னையிலும் பம்பாயிலும் வளைகுடா நாடுகளிலும் பிள்ளைகள் துடித்த துடிப்பு நமது வாசகர்களில் பலருடைய சொந்த அனுபவம். ஓர் ஊர் எத்தனை அடி தண்ணீரில் நிற்கிறது, எத்தனை பேர் மாடியில் ஒதுங்கி நிற்கிறார்கள், யாருக்கு மருந்து வேண்டும் என்ற விவரம் சர்க்காருக்கே தெரியாமற் போனதற்கு முக்கிய காரணம் இதுதான். ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் போடுகிறவன் எங்கே போடுவது என்று கண்ணால் தேட வேண்டியிருந்தது.

தொழில்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இந்தப் பத்தி போதாது. இருந்தாலும் இரண்டொன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்களை எடுத்துக் கொள்வோம். கடல் அமைதியான மறுநாளே வலை வீசலாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஐஸ் இல்லாமல் மீனை என்ன செய்வது? ஐஸ் பாக்டரி ஓட வேண்டுமானால் இடைவிடாத மின்சாரம் வேண்டும். நின்று போன பாக்டரி மறுபடி குளிர்ந்து பாளம் உறைவதற்கே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை பிடித்த மீனை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளி விட வேண்டியதுதான். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் பீடி சுற்றும் பெண்களோ, பகலெல்லாம் வீட்டு வேலையும் வயல் வேலையும் பார்த்து விட்டு இரவில் விளக்கடியில் உட்கார்ந்து சுற்றுகிறவர்கள். இலையும் தூளும் நனைந்து போனது ஒரு நஷ்டம். விளக்கு வராத ஒவ்வோர் இரவும் வேறொரு நஷ்டம். இதை யாரும் கணக்கெடுக்கவில்லை. மாவு மில், தையல் கடை, வெல்டிங் பட்டறை, பால் குளிரூட்டும் நிலையம், ஊருக்கு ஒன்றாக இருக்கும் ஜெராக்ஸ் கடை — இவை நிற்க நிற்க ஊரில் பணம் புழங்குவது நிற்கிறது. ஏரல் கடைவீதியில் சரக்கையெல்லாம் வெள்ளத்துக்குக் கொடுத்து விட்ட வியாபாரிக்குக் கடன் கொடுப்பவர் இருந்தும், கடையைத் திறந்து கழுவி உட்கார மின்சாரம் இல்லையென்றால் அவர் எதை விற்று எதை அடைப்பார்?

நோயாளிகள் இன்னொரு வகை. இன்சுலின் மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். மூச்சுத் திணறலுக்கு வீட்டிலேயே மிஷின் வைத்திருக்கும் முதியோர் இப்போது சிற்றூர்களிலும் உண்டு. புயலில் செத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கில் இவர்கள் பெயர் வருவதில்லை. 2017 செப்டம்பரில் மரியா என்ற பெரும் சூறாவளி அமெரிக்கக் கொடியின் கீழுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கிற்று. தீவு முழுவதும் இருண்டது. கடைசி வீட்டுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய பதினோரு மாதம் ஆயிற்று. முதலில் உத்தியோக பூர்வமாக அறிவிக்கப்பட்ட சாவு 64. அடுத்த வருஷம் ஒரு சர்வகலாசாலையாரைக் கொண்டு ஆராய்ந்த பிறகு, புயலை அடுத்த மாதங்களில் சாதாரணமாக நிகழக் கூடியதற்கு அதிகமாக நேர்ந்த மரணம் 2,975 என்று அந்தச் சர்க்காரே ஒப்புக்கொண்டது. வித்தியாசம் முழுவதும் மின்சாரமின்மையால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காற்று அடித்தது ஒரு நாள். மனிதர் செத்தது மாதக்கணக்கில். உலகத்திலேயே பெரிய பணக்கார தேசத்தின் ஆட்சிக்குட்பட்ட இடத்தில் இது நடந்தது. ஆகவே பணம் மட்டும் இருந்தால் போதும் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டு விடலாம்.

இனி நமது ஜில்லாவின் விஷயத்தில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பழைய திருநெல்வேலி ஜில்லா — 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிவதற்கு முன்னிருந்த ஜில்லாவைச் சொல்கிறோம் — தமிழ் நாட்டுக்கே மின்சாரம் தந்து கொண்டிருக்கும் சீமை. பாபநாசம் அணைக்குக் கீழே நீர் மின்சாரம்; தூத்துக்குடியில் ஐந்து யூனிட்டுகளாக 1,050 மெகாவாட் திறனோடு அமைக்கப்பட்ட அனல்மின் நிலையம்; கூடங்குளத்தில் முதலிரண்டு உலைகள் மட்டுமே தலா 1,000 மெகாவாட்; கயத்தாற்றிலும் ராதாபுரம் பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள். இந்த மின்சாரத்துக்காக நிலம் கொடுத்தவர் இந்த ஜில்லா ஜனங்கள். சாம்பலைச் சுவாசிப்பவர் இந்த ஜில்லா ஜனங்கள். ஆபத்து வந்தபோது உயர் அழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலே ஓடிக் கொண்டிருக்க, கீழே இருந்த குடிசையில் மண்ணெண்ணெய் விளக்குக்கும் வழியில்லை. ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலம் போய் விட்டதல்லவா!

ஒரு நியாயத்தை உடனே சொல்லி விட வேண்டும். வெள்ளக் காலத்தில் மின்சாரத்தை நிறுத்துவது குற்றமன்று, நிறுத்தாமலிருப்பதுதான் குற்றம். தண்ணீருக்குள் கம்பி அறுந்து கிடந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்கிறவன் பிழைக்க மாட்டான். புயலும் வெள்ளமும் மின்வாரியத்துக்கு ஒரே மாதிரியான சங்கடம் அல்ல என்பதையும் பொது ஜனங்கள் அறிந்து கொள்வது நலம். புயல் கம்பத்தைச் சாய்க்கிறது. 2017-ல் ஒக்கி கன்னியாகுமரி ஜில்லாவில் ஆயிரக்கணக்கான கம்பங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்தின் அருகே கரையேறிய கஜா லட்சத்துக்கு மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. தென்னை மரங்கள் கம்பி மேல் விழுந்து அவற்றையும் இழுத்துச் சென்றன. அங்கே வேண்டியது கம்பமும் ஆளும். வெள்ளமோ கம்பத்தை அநேகமாக நிறுத்தி வைத்து விட்டு, துணை மின்நிலையத்துக்குள்ளும் டிரான்ஸ்பார்மர் மேடைக்கும் வீட்டு மீட்டர் பெட்டிக்குள்ளும் சேற்றைக் கொண்டு வந்து அப்பி விட்டுப் போகிறது. அதைக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் இணைப்புக் கொடுக்கலாம். அவசரப்பட்டால் உயிர்ச் சேதம். இது மெதுவான வேலை. மெதுவான வேலைக்கு முறை வேண்டும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை வேண்டும்.

நமது புகாரெல்லாம் அந்த வரிசையைப் பற்றியதே. மின்சாரம் வீட்டுக்கு வரும் வழியைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 110 கிலோவோல்ட் பெருவழியிலிருந்து துணை மின்நிலையம், அங்கிருந்து 11 கிலோவோல்ட் கிளை வழி, அதன் மேல் ஆங்காங்கே டிரான்ஸ்பார்மர், அதிலிருந்து தெருக்கம்பி, தெருக்கம்பியிலிருந்து வீடு. எஞ்சினீயர்களின் வழக்கம், எந்த வேலையைச் செய்தால் ஒரேயடியாக அதிகம் இணைப்புகள் உயிர் பெறுமோ அதை முதலில் செய்வது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு கிளை வழியைச் சரி செய்தால் பல ஆயிரம் வீடுகளில் விளக்கு எரியும்; ஆற்றோரத்து ஒரு குக்கிராமத்துக்கு அதே அளவு உழைப்பைக் கொடுத்தால் அறுபது வீடு எரியும். ஆகவே பட்டணம் முந்துகிறது. பெரிய கிராமம் அடுத்து வருகிறது. அந்தக் கிராமத்திலும் டிரான்ஸ்பார்மர் இருக்கிற தெரு முந்துகிறது. கம்பியின் வால் முனையில் இருக்கிற காலனியும், குளத்தங்கரைக் குடிசைகளும், உப்பளத் தொழிலாளர் குடியிருப்பும் கடைசியில் நிற்கின்றன. திட்டமிட்டு எவரும் இப்படிச் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் முடிகிறது.

அதற்கு மேல் சதவீதக் கணக்கு வேறு வந்து சேருகிறது. ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும், இத்தனை சதவீதம் மின் விநியோகம் சீராகி விட்டது என்று அறிக்கை வருவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். எதில் சதவீதம்? துணை மின்நிலையங்களிலா, கிளை வழிகளிலா, டிரான்ஸ்பார்மர்களிலா, வீடுகளிலா? துணை மின்நிலையம் உயிர் பெற்றதும் அதைச் சேர்ந்த ஊர்களெல்லாம் விளக்கேற்றி விட்டதாக ஒரு கணக்கில் எழுதி விடலாம். தொண்ணூற்றைந்து சதவீதம் என்று படிக்கும் கோட்டை மந்திரி நிம்மதியாகத் தூங்கலாம். பாக்கி ஐந்து சதவீதம் என்பது யார் யார் என்று கேட்டால், அவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பெரும்பாலும் வெள்ளம் அதிகமாகத் தாக்கிய அதே ஜனங்கள். வீட்டையும் ஆட்டையும் இழந்தவனே கடைசியாக வெளிச்சத்தையும் பெறுகிறான். நிவாரணமும் அவனுக்குப் பிந்தித்தான் வருகிறது. அந்த டிசம்பரில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் குடும்பத்துக்கு ரூ. 6,000-மும் மற்றவற்றில் ரூ. 1,000-மும் ரேஷன் கடை வழியாகக் கொடுப்பதென்று சர்க்கார் தீர்மானித்தது நல்ல காரியம். ஆனால் இன்றைய ரேஷன் கடை மிஷினை நம்பியது, மிஷின் மின்சாரத்தையும் டெலிபோன் கோபுரத்தையும் நம்பியது, பாங்கியும் அவ்வாறே. பணம் இருந்தும் எடுக்க முடியாமல், எடுத்தாலும் அரைத்துத் தின்ன முடியாமல் ஜனங்கள் நின்றார்கள்.

வக்கீல் தொழில் பழகிய நமக்கு இதில் சட்ட சம்பந்தமான ஒரு விஷயமும் கண்ணில் படுகிறது. 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் 57-வது பிரிவில், மின்சாரம் விநியோகிப்பவர் எந்தத் தரத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதிக்க வேண்டும் என்றும், தவறினால் உபயோகிப்பவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. தமிழ் நாட்டு ஆணையமும் விதி வகுத்திருக்கிறது. பியூஸ் போனால் இத்தனை மணி நேரம், டிரான்ஸ்பார்மர் கெட்டால் இத்தனை மணி நேரம் என்று கணக்கெல்லாம் அதில் உண்டு. ஆனால் வெள்ளம், புயல் முதலான தெய்வச் செயல்களால் நேரும் தடங்கலுக்கு இந்தக் கெடு பொருந்தாது என்ற விலக்கும் உண்டு. இது எந்த தேசத்துச் சட்டத்திலும் காணக் கூடிய விலக்குத்தான். 95 சென்டிமீட்டர் மழைக்காக மின்வாரியத்தின் மேல் எவரும் பிராது கொடுக்கப் போவதில்லை.

கேள்வி வேறு. தெய்வச் செயல் எத்தனை நாள் நீடிக்கும்? மழை பெய்வது தெய்வச் செயல். ஆறு வடிந்து, சாலை திறந்து, லாரி போய் வரத் தொடங்கிய பிறகும் ஒரு காலனியில் பத்து நாள் விளக்கு இல்லையென்றால் அதுவும் தெய்வச் செயல்தானா? அந்தப் பத்து நாளில் நடப்பது ஆள் பற்றாமை, சாமான் பற்றாமை, வரிசையில் பின் தள்ளப்படுதல். இவை மனிதர் செயல்கள். விதியில் உள்ள விலக்கு இப்போது தேதி போடாத பாஸ் போல இருக்கிறது. ஓர் ஊருக்குப் போக வழி திறந்து விட்டது என்று கலெக்டர் அறிவிக்கிற நாளோடு அந்த விலக்கு முடிய வேண்டும். அன்று முதல் கெடு ஓட வேண்டும். வெள்ளம் பாதித்த இடத்துக்கென்று வேண்டுமானால் நீண்ட கெடுவே வைக்கட்டும். ஆனால் ஒரு கெடு இருக்கட்டும். நஷ்டஈட்டுத் தொகை அற்பமாக இருந்தாலும் பாதகமில்லை. கெடு ஓடுகிறது என்று தெரிந்தால், கம்பியின் வால் முனையில் இருக்கும் அறுபது வீடுகளும் கணக்கில் ஏறும்.

இதனால் லைன்மேன்களைக் குறை சொல்லுகிறோம் என்று யாரும் அர்த்தம் செய்து கொள்ள வேண்டாம். கழுத்தளவு தண்ணீரில் நின்றும், வழுக்கும் கம்பத்தில் ஏறியும் அவர்கள் செய்யும் வேலையை அருகிலிருந்து பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். கஜாப் புயலுக்குப் பின் டெல்டா ஜில்லாக்களில் வேலை செய்ய நமது ஜில்லாவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். கேரளத்து மின்வாரிய ஊழியர்களும் எல்லை தாண்டி வந்து உதவினார்கள். அந்த வேலையில் உயிர் நீத்த தொழிலாளரும் உண்டு. பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்து, ஊரார் போட்ட சோற்றைத் தின்று, வாரக்கணக்கில் அவர்கள் உழைத்ததை அந்த ஜில்லாவார் இன்றும் சொல்லுகிறார்கள். அப்படிப்பட்டவர்களில் எத்தனை பேர் நிரந்தர உத்தியோகத்தில் இருப்பவர்கள், எத்தனை பேர் தினக்கூலிக்கு வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று பார்த்தால் வெட்கப்பட வேண்டியிருக்கும். மின்வாரியத்தில் ஆயிரக்கணக்கான களப்பணியிடங்கள் வருஷக்கணக்காகக் காலியாக இருந்து வந்ததைத் தொழிற்சங்கங்கள் ஓயாமல் சொல்லி வந்திருக்கின்றன. சாதாரண நாளிலேயே ஒரு லைன்மேன் மூன்று பேருடைய வேலையைப் பார்த்தால், வெள்ள நாளில் அவன் எத்தனை பேருடைய வேலையைப் பார்ப்பான்? வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கலாம், 2023-லும் வரவழைத்தார்கள். ஆனால் எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து எந்தத் தெருவுக்குக் கம்பி போகிறது, எந்தக் கம்பம் வாய்க்காலுக்குள் நிற்கிறது என்பது உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும். வந்தவர்கள் பாதி நாளை வழி கேட்பதில் கழிக்கிறார்கள்.

பூமிக்கடியில் கம்பி புதைத்து விட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் சொல்லுகிறார்கள். 2014-ல் ஹுத்ஹுத் புயல் அடித்த பிறகு விசாகப்பட்டினத்தில் அவ்வாறே செய்தார்கள். கடற்கரைப் பட்டணத்துக்கு அது பொருத்தமாக இருக்கலாம். தாமிரபரணிப் பாசனத்தில், வயலும் வாய்க்காலும் குளமுமாக இருக்கும் பூமியில், கிராமந்தோறும் கம்பி புதைப்பது செலவும் அதிகம். தண்ணீர் நிற்கும் இடத்தில் பழுது கண்டுபிடிப்பதும் கஷ்டம். பெரிய திட்டம் வரும் வரும் என்று சொல்லிக் கொண்டு சிறிய காரியங்களைச் செய்யாமலிருப்பதற்கே அது உதவும்.

சிறிய காரியங்கள் என்று நாம் சொல்லுவது இவை. ஆற்றோரத்து உறை கிணறுகளின் மோட்டாரும் ஸ்விட்சுப் பெட்டியும் 2023 வெள்ளம் எட்டிய உயரத்துக்கு மேலே மேடை கட்டி வைக்கப்பட வேண்டும். அந்த உயரம் சுவர்களில் கறையாகப் பதிந்தது. எங்கேனும் அழிந்திருந்தால் ஊர்ப் பெரியவர்கள் காட்டுவார்கள். துணை மின்நிலையங்களுக்கும் இதுவே அளவு. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் ஒரு டீசல் எஞ்சினாவது சூரிய சக்தி மோட்டாராவது பஞ்சாயத்தின் வசம் இருக்க வேண்டும். அதை மாதம் ஒரு முறை ஓட்டிப் பார்க்கவும் வேண்டும், ஏனெனில் ஓட்டாத எஞ்சின் வெள்ளத்தன்று ஓடாது. கம்பம், கம்பி, மீட்டர் பெட்டி முதலிய சாமான்கள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மட்டும் குவிந்திராமல், பாலம் அறுந்தாலும் கைக்கெட்டும்படி ஆற்றின் இரு கரையிலும் இருக்க வேண்டும். ஏரலும் ஆத்தூரும் துண்டிக்கப்பட்டுக் கிடந்த அனுபவத்துக்குப் பிறகு இதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இன்னொன்று. தெருவில் மின்சாரம் வந்த பிறகும் வீட்டுக்குள் வராத குடும்பங்கள் உண்டு. சுவரில் ஈரம் ஊறி, உள் வயரிங் கெட்டு, சுவிட்சைத் தொட்டால் அடிக்கும் நிலையில் இருக்கும் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க லைன்மேன் மறுத்தால் அவர் செய்வது சரி. ஆனால் வயரிங் மாற்ற இரண்டாயிரமோ மூவாயிரமோ அந்தக் குடும்பம் எங்கே போகும்? கொடுக்கிற ஆறாயிரத்தில் அரிசியும் பாயும் சட்டியும் வாங்கியது போக மிச்சம் என்ன? வீடு இடிந்தால் சர்க்கார் பணம் கொடுக்கிறது. வீடு நிற்கிறது, வயரிங் மட்டும் போயிற்று என்றால் அதற்கு நிவாரண விதிகளில் தனியாக ஒரு தலைப்பு இல்லை. ஐ.டி.ஐ.களில் மின்சாரத் தொழில் கற்கும் மாணவர்களை, அவர்களுடைய ஆசிரியர்களின் மேற்பார்வையில் ஊர் ஊராக அனுப்பி, வயர் முதலிய சாமான்களைச் சர்க்கார் கொடுத்தால், ஏழை வீடுகளுக்கு இதைச் செய்து முடிப்பது பெரிய காரியமன்று. பேட்டை ஐ.டி.ஐ. முதல் திருச்செந்தூர்ப் பக்கம் வரை அதற்கு வேண்டிய பிள்ளைகள் நமது ஜில்லாக்களில் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன் வரிசையை வெளியிட வேண்டும் என்பது நமது கோரிக்கை. ஒவ்வொரு தாலுகாவிலும் வெள்ளமோ புயலோ வந்தால் எந்தக் குடிநீர் நிலையத்துக்கு முதலில், எந்த ஆஸ்பத்திரிக்கு அடுத்து, எந்தக் கோபுரத்துக்கு, எந்த ஊருக்கு, எந்தக் காலனிக்கு என்று இணைப்பு வரிசை ஒன்று மழைக் காலத்துக்கு முன்பே தயாராக வேண்டும். இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அந்த வரிசையை அமைக்கக் கூடாது. கம்பியின் முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அறுபது வீட்டுக் காலனியில் ஆயிரம் பேருக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று இருக்கலாம். முன்பு அதிகம் தாக்கப்பட்ட இடம் வரிசையில் மேலே வர வேண்டும். பிறகு வரும் தினசரி அறிக்கையில் சதவீதம் வேண்டாம். இன்னும் மின்சாரம் வராத ஊர்களின் பெயர்களைப் போடட்டும். பட்டியலில் ஊர்ப் பெயர் இருந்தால் அந்த ஊரார் கேட்பார்கள். அந்தத் தொகுதி மெம்பரும் கேட்பார். நமது போன்ற பத்திரிகைகளும் கேட்கும்.

இப்படி வெளியிட்டால் ஊருக்கு ஊர் சண்டை வரும், செல்வாக்குள்ளவர்கள் வரிசையை மாற்றச் சொல்லுவார்கள் என்று உத்தியோகஸ்தர்கள் ஆட்சேபிக்கலாம். செல்வாக்கு இப்போதும் வேலை செய்கிறது. வரிசை ரகசியமாயிருப்பதனால் அது இன்னும் சௌகரியமாக வேலை செய்கிறது. பொருநையின் எட்டு அணைக்கட்டுகளிலும் எந்தக் காலுக்கு எப்போது தண்ணீர் என்ற வரிசை நெடுங்காலமாக எல்லோருக்கும் தெரிந்தே நடந்து வருகிறது. அதில் தகராறு வந்ததில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். வந்த தகராறுகளில் சில கோர்ட்டுக்கும் போயிருக்கின்றன. ஆனால் கடை மடைக்காரன் தனக்கு எப்போது தண்ணீர் வர வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறான். வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரிந்து வைத்திருக்கிறான். மின்சாரத்தில் கடை மடைக்காரனுக்கு அந்த உரிமை இன்னும் ஏற்படவில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதத்தை ஒட்டிக் கலெக்டர்கள் முன்னேற்பாட்டுக் கூட்டம் போடுகிறார்கள். படகு எத்தனை, மணல் மூட்டை எத்தனை, முகாம் எத்தனை என்று அதில் கணக்குப் பார்க்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல், திருச்செந்தூர் தாலுகாக்களின் மின் இணைப்பு வரிசையையும் மேஜை மேல் வைக்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர்களை அழைத்து அதைப் படித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, பிறகு தாலுகா ஆபீஸ் வாசலிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்ட வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு கலெக்டர்களும் மின்வாரியத்தின் மேற்பார்வை எஞ்சினீயர்களும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலை இது. ஒட்டப்படும் பட்டியலை இப்பத்திரிகையில் இலவசமாகப் பிரசுரிக்க நாம் தயாராக இருக்கிறோம்.